வேலை போயும் பணம் குறையாதது ஏன்? மந்தக் காலத்தில் அயலகத் தொழிலாளர்கள்

2020 ஏப்ரலில் உலக வங்கி ஒரு கணிப்பை வெளியிட்டது. வெளிநாடுகளில் வேலை செய்வோர் இந்தியாவுக்கு அனுப்பும் பணம் அந்த ஆண்டில் 23 விழுக்காடு குறையும் என்றது அக்கணிப்பு. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. கொரோனாவால் கட்டுமானப் பணிகள் நின்றன; கடைகளும் விடுதிகளும் மூடிக் கிடந்தன; கச்சா எண்ணெய் விலையும் சரிந்திருந்தது. மே மாதம் தொடங்கிய 'வந்தே பாரத்' சிறப்பு விமானங்களில் லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பினர். ஆனால் ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தபோது, வந்து சேர்ந்த பணம் சுமார் 8,300 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை.

இத்தனை பேர் வேலையை இழந்திருக்க, பணம் மட்டும் எப்படிக் குறையாமல் வந்தது? இந்த ஒரு கேள்வியை வைத்தே சமூக அறிவியலையும் கணிதத்தையும் இணைத்து இரண்டு பாடவேளைகளை நடத்தலாம். 2015-இல் நடந்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே இது பாடப்பொருள் மட்டுமன்று. நம் மாணவர்களின் வீட்டு நிலவரமும்கூட.

மந்தம் தொழிலாளியை வந்தடையும் வழி

வளைகுடா நாடுகளின் அரசுச் செலவு பெரிதும் எண்ணெய் வருவாயைச் சார்ந்தது. 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 147 டாலர் வரை ஏறியது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. உலக வங்கிகளின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, துபாயில் பல கட்டடப் பணிகள் பாதியில் நின்றன. எண்ணெய் விலைக்கும், சென்ட்ரிங் பலகை அடிக்கும் ஒருவரின் சம்பளத்துக்கும் இடையே உள்ள தொடர்பை மாணவர்கள் காண இதுவே நல்ல எடுத்துக்காட்டு.

வேலை ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும். அடிப்படைச் சம்பளம் குறைவாக உள்ள தொழிலாளிக்கு ஓவர்டைம்தான் ஊருக்கு அனுப்பும் பணம். அடுத்து, சம்பளம் ஓரிரு மாதம் தள்ளிப்போகும். பிறகு, "ஊருக்குப் போய் இரு, கூப்பிடுகிறோம்" என்று சம்பளமில்லா விடுப்பு தருவார்கள். கடைசியில்தான் விசா கேன்சல், செட்டில்மென்ட் எல்லாம்.

உள்ளூரில் வேலை போனால் வேறு வேலை தேடலாம். வளைகுடாவில் விசா பெரும்பாலும் வேலை கொடுத்தவரோடு பிணைந்தது. வேலை போனால், குறித்த நாட்களுக்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். வேலையில்லாக் காலத்துக்கான உதவித்தொகையும் அயலகத் தொழிலாளிக்குப் பொதுவாக இருந்ததில்லை. ஐக்கிய அரபு அமீரகம் வேலை இழப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதே 2023-இல்தான்.

ஊரில் கடனும் காத்திருக்கிறது. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என்று அரசு வரம்பு வைத்துள்ளது. ஆனால் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் அதைப்போலப் பல மடங்கு கொடுத்துச் செல்வோர் உண்டு. அந்தக் கடன் அடையும்வரை ஊர் திரும்புவது அவர்களுக்கு எளிதன்று.

அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதல் வெட்டு தம் மீதே விழுகிறது. ஆறு பேர் இருந்த அறையில் எட்டுப் பேர் தங்குவார்கள். மெஸ் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கூட்டாகச் சமைப்பார்கள். ஊருக்கு வரும் பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடுவார்கள். மருத்துவரிடம் போவதையும் தள்ளிப்போடுவார்கள்.

இரண்டாவது, குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வது. கொத்தனாராகப் போனவர் உதவியாளராக வேலை செய்வார். விசாவில் இல்லாத பகுதிநேர வேலைக்குப் போவதும் உண்டு. அதில் பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் நேரலாம்.

மூன்றாவது, சேமிப்பைக் கரைத்து அனுப்புவது. வேலை போய்த் திரும்புகிறவர் கையிலுள்ள சேமிப்பு, செட்டில்மென்ட் பணம் எல்லாவற்றையும் ஒன்றாக ஊருக்கு அனுப்பிவிட்டு வருவார். வங்கிக் கணக்கில் அது பெரிய வரவாகத் தெரியும். உண்மையில் அது கடைசி வரவு.

நான்காவது, சொல்லாமல் மறைப்பது. வீட்டில் கவலைப்படுவார்கள் என்று சம்பளக் குறைப்பைப் பலர் சொல்வதில்லை.

2020-இல் இன்னொன்றும் நடந்தது. பயணங்கள் நின்றதால், ஆட்கள் மூலமாகவும் உண்டியல் போன்ற முறைசாரா வழிகளிலும் வந்த பணத்தில் ஒரு பகுதி வங்கி வழியாக வந்தது. முன்பு கணக்கில் சேராத பணம் அப்போது கணக்கில் சேர்ந்தது.

ஆக, மொத்தப் பணம் குறையவில்லை என்பதால் துன்பம் குறைவு என்று பொருளாகாது. புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது, 'இந்த எண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை?' என்று கேட்கப் பழக்குவதே இப்பாடத்தின் முதன்மை நோக்கம்.

வகுப்பறைச் செயல்பாடு 1: ஐந்து ரூபாய் வேறுபாடு (9, 10 வகுப்புகள்)

அமீரகத்தின் திர்ஹாம் டாலரோடு பிணைக்கப்பட்டது. ஒரு டாலர் சுமார் 3.67 திர்ஹாம். 2008 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 40 ரூபாய். 2009 மார்ச்சில் 50 ரூபாயைத் தாண்டியது. ஆகவே ஒரு திர்ஹாம் சுமார் 11 ரூபாயிலிருந்து 13.50 ரூபாய்க்குமேல் போனது. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, 13.50 என்றே வைத்துக்கொண்டு கீழ்க்காணும் கற்பனைக் கணக்கைத் தரலாம்.

மந்தத்துக்கு முன்: சம்பளம் 1,000 திர்ஹாம். ஊருக்கு 700, தமக்கு 300. வீட்டுக்குக் கிடைப்பது 700 × 11 = 7,700 ரூபாய்.

மந்தத்தின்போது: ஓவர்டைம் நின்று சம்பளம் 800 திர்ஹாம். ஊருக்கு 570, தமக்கு 230. வீட்டுக்குக் கிடைப்பது 570 × 13.50 = 7,695 ரூபாய்.

சம்பளம் 20 விழுக்காடு குறைந்துவிட்டது. அவர் தமக்கென வைத்துக்கொள்வது 23 விழுக்காட்டுக்குமேல் குறைந்துவிட்டது. வீட்டில் தெரியும் வேறுபாடோ ஐந்து ரூபாய்தான்.

தொடர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ரூபாயின் மதிப்பு சரியாமல் இருந்திருந்தால், அதே 7,700 ரூபாயை அனுப்ப அவர் எவ்வளவு திர்ஹாம் கொடுத்திருக்க வேண்டும்? கையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அதே காலத்தில் பருப்பு, சர்க்கரை விலை ஏறினால் அந்த 7,695 ரூபாயின் வாங்கும் திறன் என்ன ஆகும்? முதல் இரண்டுக்கும் விடை 700, 100. மூன்றாவது கேள்விக்கு வகுப்பே விவாதித்து விடை காணட்டும்.

செயல்பாடு 2: மலாயாவிலிருந்து திரும்பிய கப்பல்கள் (8 முதல் 10 வகுப்புகள்)

இது நமக்குப் புதிய அனுபவமன்று. 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் மலாயாவின் ரப்பர் விலை இறாத்தலுக்குச் சுமார் 34 காசிலிருந்து 1932-இல் 7 காசளவுக்கு வீழ்ந்தது. தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன; தங்கியவர்களின் கூலியைக் குறைத்தன. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கியவர்கள், ஏற்கெனவே விளைபொருள் விலை வீழ்ந்து கிடந்த கிராமங்களுக்கே திரும்ப வேண்டியிருந்தது. ரப்பர் விலை மீண்டபோது தோட்டங்கள் மறுபடியும் ஆள் எடுத்தன.

1930-ஐயும் 2020-ஐயும் இரு பத்திகளாகப் பிரித்து மாணவர்கள் அட்டவணை தயாரிக்கட்டும். எந்தப் பொருளின் விலை வீழ்ந்தது? முதலில் யாருடைய கூலி குறைந்தது? திரும்பும் பயணத்தை யார் முடிவு செய்தார்கள்? உதவி எங்கிருந்து வந்தது? கடைசிக் கேள்விக்கு ஆசிரியர் ஒரு குறிப்புத் தரலாம்: வெளிநாடுகளில் தவிக்கும் இந்தியர்களுக்கு உணவு, தங்குமிடம், பயணச்சீட்டு வழங்கத் தூதரகங்களுக்கென இந்தியச் சமூக நல நிதி 2009-இல் உருவாக்கப்பட்டது. நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித் துறையும் இயங்குகிறது.

தொடக்க வகுப்புகளுக்கு

4, 5 வகுப்புகளில் மந்தம் என்ற சொல்லே தேவையில்லை. அரிசி, பேனா, பட்டாசு, மருந்து, புதுச்சட்டை, மின்கட்டணம் என்று அட்டைகள் எழுதி, 'இந்த மாதமே வேண்டும்', 'தள்ளிப்போடலாம்' என்று குழுவாகப் பிரிக்கச் சொல்லலாம். ஒரு குழு தள்ளிப்போட்டதை இன்னொரு குழு வேண்டும் என்னும். அந்த வாதத்தில்தான் பாடம் இருக்கிறது. உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் துபாயையும் ரியாத்தையும் குறிக்கச் செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை

கணக்குக்குக் கற்பனைக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். "உங்கப்பா எவ்வளவு அனுப்புறார்?" என்று வகுப்பில் எவரையும் கேட்க வேண்டாம். தந்தை திடீரென ஊர் திரும்பிய பிள்ளையிடம் எல்லோர் முன்னிலையிலும் காரணம் விசாரிப்பதும் வேண்டாம். ஆண்டின் நடுவில் தனியார் பள்ளியிலிருந்தோ வெளிநாட்டுப் பள்ளியிலிருந்தோ வந்து சேரும் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பில் தடுமாற்றம் இருக்கலாம். அதைச் சரிசெய்யச் சில வாரங்கள் தேவைப்படும். அந்தச் சில வாரங்களைக் கொடுப்போம்.

மந்தக் காலத்தில் நம் பள்ளிகளுக்கு வரும் பெரிய ஆபத்து வேறொன்று. தந்தையின் வருமானம் நின்றதும், கடனை அடைக்க மூத்த மகன் படிப்பை விட்டுவிட்டு அடுத்த விமானம் ஏறத் தயாராவான். அவனிடமும் பெற்றோரிடமும் பேச நம்மிடம் உறுதியான செய்தி வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவரின் கடவுச்சீட்டு பொதுவாகக் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற வகையில் வரும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதி பெற வேண்டும். அது தொழிலாளியைக் காக்க ஏற்பட்ட ஏற்பாடு. அதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்புகிற முகவரை நம்பிப் போகிறவருக்கு, வேலை போகும் நாளில் கையில் ஒப்பந்தம்கூட இருக்காது. தேர்ச்சி பெற்றவருக்கு அந்த அனுமதி தேவையில்லை; ஆனால் முகவரின் பதிவையும் ஒப்பந்தத்தையும் அவரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் உள்ளது. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் மாணவர்களையே அதைத் தேடிப் பார்க்கச் செய்யலாம்.

மந்தம் வரும்போது முதலில் வெளியேற்றப்படுபவர் பெரும்பாலும் தொழில்திறன் குறைந்த, ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாத தொழிலாளியே. வெளிநாடு போவது தவறு என்று சொல்வது நம் வேலையன்று. போகிறவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும், ஒரு தொழிலைக் கற்ற கையோடும், கையெழுத்திடும் தாளைப் படிக்கத் தெரிந்தும் போகவேண்டும். அதற்கான ஆண்டுகள் நம் வகுப்பறையில்தான் கழிகின்றன.