49 வயதில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியுமா?

கேள்வி:

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தாலுகா கோர்ட்டுக்கு எதிரே 21 வருடமாக ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணவர் போன பிறகு கடையும் குடும்பமும் என் தலையில்தான். பிராது, எதிருரை, பிரமாணப் பத்திரம் என்று அடித்து அடித்தே சட்டத்தின் மேல் ஆசை வந்தது. +2 ஏற்கெனவே முடித்திருந்தேன். அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தேன். பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு, விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்து மூன்றாண்டுப் படிப்பை 2025-இல் முடித்தேன். இப்போது வயது 49.

45 வயதுக்கு மேல் பதிவு செய்ய மாட்டார்கள் என்று கோர்ட்டில் ஒருவர் சொல்கிறார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியலோடு 'கு. மலர்க்கொடி' என்று இருக்கிறேன், ஆதாரில் கணவர் இனிஷியலோடு 'மு. மலர்கொடி' ஆகிவிட்டேன். இன்னொன்று, 2017-இல் எங்கள் ஊரில் டாஸ்மாக் கடை வேண்டாமென்று சாலையில் உட்கார்ந்தோம். எங்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். அதற்கு எஃப்.ஐ.ஆர் இருப்பதாக இப்போது சொல்கிறார்கள். எனக்குச் சம்மன் எதுவும் வந்ததில்லை. இதையெல்லாம் சொல்லாமலே முடித்துத் தருவதாக ஒருவர் 35,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார். கொடுக்கலாமா?

வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்:

அம்மா, முதலில் என் வாழ்த்துகள். நான் ஜூனியராக இருந்த காலத்தில் கோர்ட் வாசலில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, நான் கொடுத்த பிராதைப் பாதி அடித்துவிட்டு நிமிர்ந்து, "சார், வழக்கு மூலம் பாரா எங்கே?" என்று கேட்டார். அன்று அவர் கேட்டிராவிட்டால் அந்தப் பிராது திரும்பி வந்திருக்கும், சீனியரிடம் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த அக்காதான் நினைவுக்கு வந்தார்.

வயது விஷயத்தை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. 45 வயது நிறைந்தவரைப் பதிவு செய்யக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் 1993-இல் ஒரு விதி கொண்டுவந்தது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஒருவர் எந்த நிபந்தனையோடு தொழில் செய்யலாம் என்று சொல்லத்தான் பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு, ஒரு வயதைத் தாண்டியவர்கள் உள்ளேயே வரக் கூடாது என்று கதவடைக்க அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம். வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 24-ஆம் பிரிவு கேட்பது 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதை மட்டும்தான். உங்களிடம் 45 கணக்குச் சொன்னவர் முப்பது வருடப் பழைய சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். அஞ்சல் வழிப் பட்டத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். +2 படிக்காமலே நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். உங்களுக்கு அது இல்லை.

அடுத்தது பணம். 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை, மாநிலத்துக்கு மாநிலம் பதிவுக்கு 15,000 முதல் 42,000 ரூபாய் வரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்துக்கு, நூலகத்துக்கு, சேம நலத்துக்கு என்று தலைப்புக்கு ஒரு தொகை. சட்டத்தில் எழுதியிருப்பதைத் தாண்டி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்றது தீர்ப்பு. சட்டத்தில் எழுதியிருப்பது இதுதான்: மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், ஆக 750. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 100-ம் 25-ம், ஆக 125. இவற்றோடு முத்திரைத் தீர்வை ஏதும் இருந்தால் அது தனி. 'விருப்பப்பட்டால் கொடுக்கலாம்' என்ற பெயரிலும் வாங்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் கர்நாடகம் தொடர்பான ஒரு வழக்கில் அதே நீதிமன்றம் மீண்டும் சொல்லிவிட்டது. தீர்ப்புக்கு முன்னால் கட்டியவர்களுக்கு மட்டும் பணம் திரும்பாது. நானும் அந்தப் பட்டியலில் இருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆக, அந்த ஆள் கேட்கும் 35,000-இல் 750 போக மீதி எதற்கு? 'சொல்லாமலே முடித்துத் தருவதற்கு' என்று அவரே சொல்லிவிட்டார். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்த சொல் அதுதான். வயதும் இனிஷியலும் உங்களைத் தடுக்கப் போவதில்லை. மறைத்தால் அது தடுக்கும், அதுவும் இன்றைக்கு இல்லை, பத்து வருடம் கழித்து.

விண்ணப்பத்தில் உங்கள் மேல் குற்ற வழக்கு உண்டா என்று கேட்பார்கள், காவல் நிலைய விசாரணையும் உண்டு. 'இல்லை' என்று எழுதிப் பதிவு வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முக்கியமான ஒரு விவரத்தைத் தவறாகச் சொல்லிப் பதிவு பெற்றவரின் பெயரை நீக்க, 26-ஆம் பிரிவின்படி இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. உங்களிடம் தோற்ற எதிர்த்தரப்புக்காரர் ஒருவர் பழைய எஃப்.ஐ.ஆரைத் தோண்டி எடுத்தால் போதும். அதே நேரம், உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். பதிவுக்குத் தகுதியிழப்பு எது என்பது 24-ஏ பிரிவில் இருக்கிறது. ஒழுக்கக் கேடான குற்றத்துக்கோ தீண்டாமைக் குற்றத்துக்கோ தண்டனை பெற்றிருக்க வேண்டும், அல்லது ஒழுக்கக் கேட்டுக்காக அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். டாஸ்மாக் கடை வேண்டாமென்று ரோட்டில் உட்கார்ந்தது எந்த அகராதியில் ஒழுக்கக் கேடு? உங்களுக்குத் தண்டனையே இல்லை, வெறும் எஃப்.ஐ.ஆர்தான்.

ஆனாலும் நடைமுறை வேறு. நிலுவையில் வழக்கு இருப்பவர்களின் பதிவு குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல சுற்று வழக்குகள் நடந்திருக்கின்றன, அப்படிப்பட்ட விண்ணப்பங்கள் மேசையில் தங்கிவிடும். அதனால் விண்ணப்பம் போடும் முன்பே இந்த முடிச்சை அவிழ்த்துவிடுவது நல்லது.

முதலில் எஃப்.ஐ.ஆர் உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2016 நவம்பரிலிருந்தே நடப்பில் இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், வருடம் கொடுத்துத் தேடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு எண் விழுந்திருக்கிறதா என்பது இ-கோர்ட்ஸ் தளத்தில் தெரியும். இந்த வேலையை ஊருக்கே செய்துகொடுத்தவர் நீங்கள், உங்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை.

எஃப்.ஐ.ஆர் கையில் வந்ததும் பிரிவுகளைப் பாருங்கள். இந்த மாதிரிப் போராட்டங்களில் பெரும்பாலும் இ.பி.கோ. 143, 341, 188 என்று போட்டிருப்பார்கள். மூன்றுமே அதிகபட்சம் ஆறு மாதத் தண்டனைக்குள் வருகிற குற்றங்கள். அப்படிப்பட்டவற்றுக்கு, சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டும் என்கிறது பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு. வராவிட்டால் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளத் தடை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள 473-ஆம் பிரிவு இருக்கிறதுதான், ஆனால் எட்டு வருடத் தூக்கத்துக்குக் காரணம் சொல்வது போலீசுக்குச் சுலபமில்லை. 188 இன்னும் பலவீனமானது. அந்தப் பிரிவில் அரசு ஊழியரே நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும், போலீஸ் எஃப்.ஐ.ஆர் போட முடியாது என்று ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். முன்பு பழைய சட்டத்தில் 482-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 528. உங்களோடு மண்டபத்தில் இருந்த பெண்களையும் மனுதாரராகச் சேர்த்தால் அவர்களுக்கும் புண்ணியம். 353 என்கிற அரசு ஊழியரைத் தாக்கிய பிரிவோ, பொதுச் சொத்துச் சேதச் சட்டமோ சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். அப்போது எஃப்.ஐ.ஆர் நகலோடு நேரில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ரத்து ஆன பிறகும் 'வழக்கு இருந்தது, இந்தத் தேதியில் ரத்து ஆனது' என்று எழுதி, உத்தரவின் சான்றிட்ட நகலை இணையுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இனிஷியலுக்கு வருவோம். பெண்களுக்கு மட்டுமே உள்ள தலைவலி இது. கல்யாணம் ஆனதும் 'கு' போய் 'மு' வரும், பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் 'இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான்' என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2020 ஜூனில் ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியிட்ட அரசே, அதே மாதத்தில் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. மலர்க்கொடிக்கு ஒரு 'க்' விட்டுப்போனதில் ஆச்சரியமில்லை.

என் யோசனை, சான்றிதழ்களைத் தொடாதீர்கள். பத்தாம் வகுப்பிலிருந்து சட்டப் பட்டம் வரை ஒரே பெயர், ஒரே இனிஷியலாக இருக்கும் என்று நம்புகிறேன். அதுதான் உங்கள் தொழில் பெயர். அதற்கேற்ப ஆதாரை மாற்றுங்கள். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்ட வேண்டாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், அதனால் ஆங்கிலம், தமிழ் இரண்டையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். நான் பதிவு செய்யும் முன்பு ஒரு அலுவலகத்தில் சான்றிதழ் ஒன்றைத் திருத்த மூன்று முறை நடந்தேன். நாலாவது முறை வாங்கிவந்ததில் இனிஷியல் சரியாகியிருந்தது, அப்பா பெயர் தப்பாகியிருந்தது. கவுன்ட்டரை விட்டு நகரும் முன்பே படித்துப் பாருங்கள். கணவர் பெயரோடு உள்ள பழைய ஆவணங்களுக்காக, இரு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து, திருமணச் சான்றின் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனிஷியலுக்காக மட்டும் அரசிதழ் வரை போகத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடை. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 47-வது, வழக்கறிஞர் தாமே முன்னின்று வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. 49-வது, முழு நேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்கிறது. பதிவுக்கு முன்பே கடையை, வாடகை ஒப்பந்தம், உரிமம், வங்கிக் கணக்கு உள்பட, மகன் பெயருக்கு முறையாக மாற்றிவிடுங்கள். 'மகன்தான் பார்க்கிறான்' என்று வாயால் சொன்னால் போதாது. உங்கள் அலுவலகத்தை அந்தக் கடைக்குள்ளேயே வைக்காதீர்கள். மனு அடிக்க வருகிற ஆளை மகன் "அம்மா வக்கீல்தான், பாருங்க" என்று உள்ளே அனுப்பினால், 36-வது விதிப்படி அது வழக்குப் பிடிப்பது. 21 வருடப் பழக்கத்தில் வருகிறவர்களை யாரும் தடுக்க முடியாது. அவர்கள் உங்களைத் தேடி வரட்டும், அனுப்பி வைக்கத்தான் கூடாது.

இவை முடிந்ததும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் விண்ணப்பியுங்கள். பிறகு அகில இந்திய பார் தேர்வு. அதற்கு இரண்டு வருட அவகாசம் உண்டு, அதுவரை தற்காலிகமாகத் தொழில் செய்யலாம். தமிழிலேயே எழுதலாம், குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகங்களை உள்ளே எடுத்துப் போகலாம். பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 சதவீதம், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. 2023-இல் அரசியல் சாசன அமர்வே இந்தத் தேர்வு செல்லும் என்று சொல்லிவிட்டதால், அதைத் தவிர்க்க வழி தேடுவது வீண்.

ஒருவேளை விண்ணப்பத்தை மறுக்க நினைத்தால், மாநில பார் கவுன்சில் தானாக மறுத்துவிட முடியாது. காரணங்களை எழுதி இந்திய பார் கவுன்சிலின் கருத்துக்கு அனுப்பியாக வேண்டும். மறுக்கவும் இல்லை, பதிவு செய்யவும் இல்லை என்று கிடப்பில் கிடந்தால், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமையில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

அசல் சான்றிதழ்களை அந்த ஆளிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நாளைக் காலையே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுங்கள், ரசீது வாங்க மறக்காதீர்கள்.