கயிறு வேண்டாம், பயிற்சி வேண்டும்



"நான் என்ன ஆகப் போகிறேன்?" என்று போன சுவரிதழில் எல்லாரும் எழுதினீர்கள். டாக்டர், போலீஸ், டீச்சர் என்று இருந்தது. நான் மட்டும் எழுதவில்லை. நான் நினைச்ச வேலைக்குப் படிப்பு உண்டு என்றே அப்போ எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அதனால் எழுதுகிறேன்.

என் அண்ணனை உங்களில் பல பேருக்குத் தெரியும். வயது 16. அவனுக்கு அறிவுசார் குறைபாடு இருக்கு. அப்பா விடியறதுக்கு முன்னாடியே ஏரிக்குப் போயிடுவாரு. அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிடுவாங்க. நான் ஸ்கூலுக்கு வந்துடுவேன். அவன் தண்ணிப் பக்கம் போயிடக் கூடாதுன்னு, அம்மா அவன் காலில் வலைக்கயிறைக் கட்டித் திண்ணைத் தூணில் முடிச்சுப் போட்டுட்டுப் போவாங்க. அம்மா மேல தப்பு சொல்லல. அவங்களுக்கு வேற வழி தெரியல.

ஒருநாள் சமூக அறிவியல் வகுப்பில் டீச்சர் ஏர்வாடி பற்றிச் சொன்னாங்க. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டவே கூடாது என்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எங்க வீட்டுத் தூண்தான் ஞாபகம். எங்க வீட்டுக் கூரையும் ஓலைதான்.

இரண்டும் ஒன்றல்ல

மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. மனநோய் எந்த வயதிலும் வரலாம். அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. அறிவுசார் குறைபாடு சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். அது நோய் இல்லை, ஒட்டிக்கொள்ளாது. மருந்து கொடுத்து மாற்ற முடியாது. ஆனால் பயிற்சி கொடுத்தால் புதிதாகக் கற்றுக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் கயிறு மட்டும் தேவையே இல்லை.

பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்?

வட்டார வள மையத்தில் இருந்து சிறப்புப் பயிற்றுநர் அக்கா எங்க வீட்டுக்கு வருவாங்க. அவங்க படிச்சதை எனக்குச் சொன்னாங்க.

1. முதலில் கவனிக்க வேண்டும். இதற்கு ஜெயச்சந்திரன், விமலா என்ற இருவர் உருவாக்கிய ஒரு முறை உண்டு. நம்ம சென்னையின் பழைய பெயரிலேயே அதை 'மெட்ராஸ் முறை' என்பார்கள். சாப்பிடுவது, உடுத்துவது, பேசுவது, பணம் எண்ணுவது என 18 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 20 செயல்கள். மொத்தம் 360. அண்ணனுக்கு என்ன வராது என்றுதான் நாங்க எப்பவும் சொல்லுவோம். என்னென்ன வரும் என்று அக்காதான் முதலில் எழுதினாங்க.

2. வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். சட்டை போடுவது நமக்கு ஒரு வேலை. அவனுக்கு அது பத்து வேலை. கடைசித் துண்டை முதலில் சொல்லித் தரணும். மற்ற பட்டனை எல்லாம் நான் போட்டுவிட்டு, கடைசிப் பட்டனை மட்டும் அவனிடம் விடணும். அப்போ "முடிச்சது நான்தான்" என்ற சந்தோஷம் அவனுக்கு வரும்.

3. உதவியைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். முதலில் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, பிறகு முழங்கையைத் தொடுவது, பிறகு செய்து காட்டுவது, பிறகு வாயால் சொல்வது, கடைசியில் சும்மா காத்திருப்பது. காத்திருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு நானே போட்டுவிட்ட நாள் நிறைய.

4. வலிப்பு வந்தால் முதலுதவி. நம்ம ஊரில் இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பார்கள். அதனால் பயன் இல்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. பக்கத்தில் உள்ள பொருட்களை விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். 5 நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.

5. மரியாதை. குளிக்கும்போது கதவைச் சாத்தணும். 16 வயது ஆனவனைக் குழந்தை மாதிரிக் கொஞ்சக் கூடாது.

எங்கே படிக்கலாம்?

பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீதம் எடுத்தால், சிறப்புக் கல்வியில் 2 வருட டிப்ளமோ படிக்கலாம். அதைவிடச் சீக்கிரம் முடிகிற பராமரிப்பாளர் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. இந்தப் படிப்புகளை இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரிக்க வேண்டும். அதற்கான சட்டம் 1992-இல் வந்தது. சென்னையைத் தாண்டி முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் சென்னை, அங்கிருந்து பஸ். தூரம்தான். ஆனால் போக முடியாத தூரம் இல்லை.

அண்ணன் தானே சட்டை போட 43 நாள் ஆச்சு. காலண்டரில் கோடு போட்டு எண்ணினேன். அடுத்து அக்கா இறால் பிரிக்கச் சொல்லித் தந்தாங்க. பெரிசு ஒரு கூடை, சின்னது ஒரு கூடை. இப்போ அம்மா காலையில் அவனையும் கூட்டிக்கிட்டுப் போறாங்க. வேலை இருக்கிறதால் அவன் எழுந்து ஓடுவதில்லை. அந்தக் கயிறு திரும்ப வலைக்கே போயிடுச்சு. "நாங்க இல்லாத காலத்துல இவனுக்கு யாரு?"ன்னு அம்மா இன்னும் கேக்கறாங்க. நான் இருக்கேன். ஆனா நான் இல்லாத நேரத்திலும் அவனே செய்துக்கணும். நான் படிக்கப் போவது அதுக்குத்தான்.

தோழர்களே, ஒரு வேண்டுகோள். யாரையும் "லூசு" என்று கூப்பிடாதீர்கள். கரைப் பக்கம் வந்தால் என் அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அவன் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும். காத்திருங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி