ஜாஸும் வணிக இசையும்: பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

முன்னுரை

"மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று பத்தாம் வகுப்பு மாணவியைக் கேட்காத உறவினர் இல்லை. மருத்துவம் என்றால் மகிழ்கிறார்கள். பொறியியல் என்றால், "ஆவடிப் பக்கமும் பூந்தமல்லிப் பக்கமும் கல்லூரிகளுக்கா பஞ்சம்?" என்கிறார்கள். "இசை" என்றால் முகத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது. "ஜாஸ்" என்று சொல்லிவிட்டாலோ சிரிப்புத்தான் வருகிறது. "சினிமாப் பாட்டுக்குக் கூடவா பட்டப்படிப்பு?" என்றும் கேட்கிறார்கள்.

உண்டு. ஜாஸ் இசையையும், திரைப்படம், விளம்பரம், மேடை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு வாசிக்கும் வணிக இசையையும் முறையாகக் கற்றுத் தரும் பல்கலைக்கழகங்கள் உலகில் பல இருக்கின்றன. அங்கே என்ன கற்கிறார்கள், அந்தக் கல்வியின் பயன் என்ன, நம்மைப் போன்ற பெண்பிள்ளைகள் அதை எண்ணிப் பார்க்கலாமா என்பதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாஸ் பிறந்த வரலாறு

ஜாஸ் அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே அதை உருவாக்கியவர்கள். வயலில் உழைக்கும்போது பாடிய பாடல்களும், ஆலயத்தில் கண்ணீரோடு பாடிய பக்திப் பாடல்களும், இராணுவ பாண்டு வாத்தியங்களான டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட் ஆகியவையும் ஒன்று கலந்தபோது இந்தப் புதிய இசை பிறந்தது. 1917ஆம் ஆண்டில் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளியாயிற்று. துன்பப்பட்ட மக்கள் உலகத்துக்கு அளித்த கொடை இது என்று சொன்னால் மிகையாகாது.

கட்டுப்பாடும் கற்பனையும்

"ஜாஸ் என்றால் மனம்போன போக்கில் வாசிப்பது" என்று பலர் நினைக்கிறார்கள். நம் கர்நாடக இசையோடு ஒப்பிட்டால் உண்மை எளிதில் விளங்கும். கச்சேரியில் வித்துவான் கீர்த்தனையைப் பாடிய பிறகு கற்பனாசுரம் பாடுகிறார். அப்போது அவர் என்ன பாடப் போகிறார் என்பது முன்னரே எழுதி வைக்கப்பட்டதன்று. ஆயினும் இராகத்தை மீறக் கூடாது, தாளம் தவறக் கூடாது, குறித்த இடத்தில் வந்து சேர வேண்டும்.

ஜாஸிலும் இப்படியே. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பின்பு ஒவ்வொருவராகத் தம் கற்பனையை வாசிப்பார்கள். முடிவில் மீண்டும் மெட்டுக்கு வருவார்கள். நம் இசையில் இராகம் வேலியாக நிற்பது போல, அங்கே சுரக்கூட்டுகளின் வரிசை வேலியாக நிற்கிறது. மூன்று நான்கு சுரங்கள் ஒரே வேளையில் ஒலிப்பதே சுரக்கூட்டு; கிட்டார் வாசிப்பவர்கள் இதைக் கார்டு என்பார்கள். ஜாஸுக்கு அடிப்படையான "புளூஸ்" என்னும் வடிவம் பெரும்பாலும் 12 தாளக்கட்டுகள் கொண்டது. ஸ, ம, ப ஆகிய மூன்று சுரங்களின் மேல் எழுப்பப்படும் மூன்று கார்டுகளே அதற்கு அடித்தளம். இத்தனை சிறிய வீட்டுக்குள் எத்தனையோ மேதைகள் தம் வாழ்நாள் முழுவதும் குடியிருந்திருக்கிறார்கள்!

நம் ஊருக்கும் ஜாஸுக்கும் பழைய தொடர்பு உண்டு. அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1958ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் இந்தியாவுக்கு வந்தார். அப்பயணத்தில் அன்றைய மதராஸில் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். மறு ஆண்டு அக்குழு பதிவு செய்து வெளியிட்ட "டைம் அவுட்" என்ற இசைத்தட்டில் "டேக் ஃபைவ்" என்ற இசை உள்ளது. குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட் இயற்றிய அது, ஐந்து எண்ணிக்கை கொண்டது. "தகிட தக" என்று கைதட்டி எண்ணிப் பாருங்கள், சரியாக ஒத்துப்போகும். நமக்கோ கண்ட நடை பழகிய பாதை!

பல்கலைக்கழகத்தில் நுழைந்த விதம்

ஜாஸுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே எளிதில் கதவைத் திறக்கவில்லை. 1947ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி இதற்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதுவே இன்றைய வட டெக்ஸாஸ் பல்கலைக்கழகம். ஆனால் "ஜாஸ்" என்ற சொல்லை அக்காலத்துப் பெரியோர் மதிப்புக் குறைவாகக் கருதியதால், படிப்புக்கு "நடன பாண்டு" என்று பெயர் வைத்தார்களாம். ஆக, இன்று நம் வீடுகளில் காணும் தயக்கம் புதிதன்று.

பாஸ்டன் நகரில் உள்ள புகழ்பெற்ற பெர்க்லி இசைக் கல்லூரியை 1945ஆம் ஆண்டில் நிறுவியவர் லாரன்ஸ் பெர்க். அவர் பொறியியல் படித்தவர் என்பது நம் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி. தம் மகன் லீ பெர்க்கின் பெயரைத் திருப்பிப் போட்டே பிற்பாடு பள்ளிக்குப் பெர்க்லி என்று பெயரிட்டார்.

தமிழ்நாட்டில்

நம் மாநிலத்திலிருந்து அந்தக் கல்லூரிக்குச் சென்றவர்களில் கிட்டார் கலைஞர் பிரசன்னா குறிப்பிடத்தக்கவர். பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வரும் இராணிப்பேட்டையைச் சேர்ந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தார். பின்னர் பெர்க்லியில் இசை பயின்றார். கர்நாடக இசையையும் ஜாஸையும் கிட்டாரில் வாசித்துப் பெயர் பெற்றார். 2010ஆம் ஆண்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதியில் தொடங்கப்பட்ட சுவர்ணபூமி இசைக் கழகத்துக்குத் தலைமை ஏற்று, இளைஞர்களுக்கு இவ்விசையைக் கற்பிக்க வழி செய்தார்.

அதற்கு முன்பே, 2008ஆம் ஆண்டில், இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். லண்டனில் உள்ள மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து அங்கே பட்டயப் படிப்புகள் நடத்தப்பட்டன. வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் "சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா" என்ற வாத்தியக் குழுவும் அதன் நிழலில் வளர்ந்தது. 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற சிறுவன் லிடியன் நாதஸ்வரம் இக்கல்லூரியில் பயின்றவனே.

இவை இல்லாத காலத்தில் எப்படிக் கற்றார்கள்? பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியரிடம் மேற்கத்திய இசை இலக்கணத்தைப் பயின்ற பிறகே 1976இல் "அன்னக்கிளி" படத்துக்கு இசையமைத்தார். கிராமத்து மெட்டு பிறவியில் வந்தது. அதை வயலின்களுக்கும் புல்லாங்குழலுக்கும் பங்கிட்டு எழுதும் திறமை படிப்பால் வந்தது.

என்ன கற்பிக்கிறார்கள்?

முதலாவது, செவிப் பயிற்சி. ஒலிக்கும் சுரத்தையும் கார்டையும் கேட்டவுடன் பெயர் சொல்ல வேண்டும். இரண்டாவது, நோட்ஸ் பார்த்து வாசித்தல். முன்பின் பார்த்திராத தாளைக் கையில் கொடுத்தாலும் அந்த நிமிடமே பிழையின்றி வாசிக்க வேண்டும். மூன்றாவது, சுரக்கூட்டு இலக்கணம். நான்காவது, மேதைகளின் கற்பனை வாசிப்பைக் கேட்டு எழுதி, அதை 12 சுருதிகளிலும் வாசித்துப் பழகுவது. ஐந்தாவது, குழுவாக வாசித்தல்: எப்போது வாசிப்பது என்பதைவிட எப்போது சும்மா இருப்பது என்பதே இங்கு முக்கியப் பாடம். ஆறாவது, ஒலிப்பதிவுக் கூடத்தின் நடைமுறையும் கணினியும். ஏழாவது, தொழில் விவரம்: ஒப்பந்தம், உரிமைத்தொகை, கணக்கு.

இந்த ஏழாவது பாடத்தை அற்பமாக எண்ணக் கூடாது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. 2012இல் அதில் செய்யப்பட்ட திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்பதை உறுதி செய்தது. இதை அறியாமல் கையெழுத்திடுபவர் தம் உழைப்பின் பலனை இழக்க நேரிடும்.

சோறு போடுமா?

என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தில் வேலை செய்பவர். நான் எங்கள் பங்கின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஞாயிறு திருப்பலியில் நான் வாசிப்பதைக் கேட்டு மகிழும் அவரே, "ஏம்மா, இதையே படிச்சா நாளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆதலால் விவரங்களைத் திரட்டினேன்.

ஒரு காலத்தில் கோடம்பாக்கம், வடபழனி ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் கலைஞர்களே டஜன் கணக்கில் அமர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தார்கள். கணினி இசை வந்தபின் அந்த நாற்காலிகள் பெரிதும் குறைந்துவிட்டன. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் வேலை முழுவதும் சினிமாவில் மட்டும் இல்லை. பள்ளிகளில் இசை ஆசிரியர், விளம்பர இசை, பிறருக்காக இசையை ஒழுங்குபடுத்தி எழுதுதல், ஒலிப்பதிவுப் பொறியாளர், ஓட்டல்களிலும் கப்பல்களிலும் வாசிக்கும் குழுக்கள் எனப் பல கிளைகள் உண்டு. பெரும்பாலோர் ஒரே கிளையை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்தே பிழைக்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதி அங்கே குறைவு. கட்டணமோ அதிகம், வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகை இன்றி எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாது.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் ஒளிக்காமல் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னது: "லேத்துல கைப்பழக்கம் எல்லாருக்கும் வந்துடும். டிராயிங் பார்க்கத் தெரிஞ்சவனுக்குத்தான் புது வேலையை நம்பிக் கொடுப்பாங்க. உங்க நோட்ஸும் அந்த மாதிரிதானா?" எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவான விளக்கத்தை நான் படிக்கவில்லை. செவியால் மட்டும் வாசிப்பவர் தமக்குத் தெரிந்ததை வாசிப்பார். கற்றவர், தம்மிடம் கேட்கப்படுவதை வாசிப்பார். வேலை என்பது இரண்டாவதுதான்.

வழிகாட்டிய ஒரு பெண்மணி

"பெண்பிள்ளைக்கு இது ஒத்து வருமா?" என்பது தாய்மாரின் கேள்வி. அதற்கு மேரி லூ வில்லியம்ஸ் என்ற அம்மையாரின் வாழ்க்கையே விடை. 1910இல் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண்மணி சிறுமியாக இருந்தபோதே பியானோ வாசித்துக் குடும்பத்துக்கு உதவினார். ஆண்களே நிறைந்திருந்த ஜாஸ் குழுக்களில் வாசித்ததோடு, அவர்களுக்கு இசை எழுதியும் கொடுத்தார். புகழின் நடுவே மனம் சோர்ந்து 1954இல் மேடையை விட்டு விலகினார். செபத்திலும் ஏழைகளுக்கு உதவுவதிலும் நாட்களைக் கழித்தார். 1957இல் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். நண்பர்களும் குருக்களும், "இசையே இறைவன் உங்களுக்குத் தந்த வேலை" என்று வற்புறுத்தவே மீண்டும் பியானோ முன் அமர்ந்தார். பிட்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு இசை கற்பித்தார். அவர் ஜாஸ் முறையில் அமைத்த திருப்பலி இசை 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது. 1977முதல் 1981இல் மறையும் வரை டியூக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கினார்.

இன்றும் இத்துறையில் வாத்தியம் வாசிக்கும் பெண்கள் குறைவே. அதை மாற்றுவதற்காகவே 2018இல் டிரம்ஸ் கலைஞர் டெரி லின் கேரிங்டன் அம்மையார் பெர்க்லியில் ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கினார்.

முடிவுரை

தோழியரே, இத்துறையை விரும்புவோர் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. பிளஸ் டூவை நல்ல முறையில் முடிக்க வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு போன்ற படிநிலைத் தேர்வுகளைச் சென்னையிலேயே எழுதலாம். மொத்தம் எட்டு நிலைகள். அவற்றில் 6, 7, 8ஆம் நிலைகளுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் மதிப்பெண் தருகிறார்கள். சேரும் முன் ஒன்றை மறவாமல் விசாரிக்க வேண்டும்: அது பட்டமா, பட்டயமா, அதை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? ஆசிரியர் வேலைக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம்.

பெற்றோர்களே, உங்கள் மகள் இசை படிக்க வேண்டும் என்றால் உடனே "சரி" என்று சொல்ல வேண்டாம். உடனே "வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டாம். "தினமும் எத்தனை மணி நேரம் பழகுகிறாய்?" என்று கேளுங்கள். விடை உங்களுக்கே விளங்கிவிடும். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுத் தவணை கிடைத்திருக்கிறது. பிளஸ் டூ முடிவதற்குள் நான் ஐந்தாம் நிலைத் தேர்வைத் தேற வேண்டும். அதன்பின் பேசலாம் என்பது தந்தையாரின் தீர்ப்பு. நம் கைகளில் இறைவன் வைத்த தாலந்தைப் புதைத்து வைப்பதும், வட்டியோடு திருப்பித் தருவதும் நம் உழைப்பில்தான் இருக்கிறது.