புதுப் பாவும் பழைய விழுதும்



தறியில் பாவு தீர்ந்துபோகும் நாள் எப்படிப்பட்டதென்று நம் ஆரணியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசிச் சேலையை அறுத்து எடுத்த பிறகும், பழைய பாவின் நுனி இழைகள் அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கான அந்த நுனிகளில் ஒவ்வொன்றோடும் ஒவ்வொரு புது இழையை விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். பிணைத்து முன்னால் இழுத்தால், பழைய பாவு போன வழியிலேயே புதுப் பாவும் போகும்.

ஒரு நாள் ஒரு வீட்டில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பழைய சேலையில் ஒரு கோடு விழுந்தது என்றீர்களே, இனி விழாதல்லவா?" என்று கேட்டேன். அந்த முதியவர் சிரித்தார். "எப்படிங்க சாமி விழாமல் இருக்கும்? பாவுதான் புதுசு, விழுது பழசுதானே? தப்பாகக் கோத்த இடத்தைத் தேடிப் பிரித்துக் கோத்தால்தான் உண்டு" என்றார்.

வருஷக் கடைசியில் நாம் நினைத்துப் பார்க்கவேண்டிய பாடம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

பிரதிக்கினைகள் ஏன் நிலைப்பதில்லை?

டிசம்பர் 31-ந் தேதி இரவு கோவிலில் முழங்காலில் இருக்கும்போது நாம் செய்கிற பிரதிக்கினைகள் நல்லவையே. இனிக் கடன் வாங்கமாட்டேன், குடிக்கமாட்டேன், வீட்டில் கோபப்படமாட்டேன், ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டேன் என்கிறோம். பொங்கல் வருவதற்குள் இவற்றில் எத்தனை உயிரோடிருக்கின்றன? மனவுறுதி இல்லையென்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். பல சமயங்களில் காரணம் அதுவன்று. செயலை மாற்றப் பார்த்தோமேயன்றி, அந்தச் செயலைப் பிறப்பித்த கருத்தை நாம் தொடவேயில்லை.

ஒருவர் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளின் மஞ்சள் நீராட்டுக்கு வாங்கினார். தம்பி கல்யாணத்துக்குச் சீர் செய்ய வாங்கினார். வீட்டு முகப்புக்கு வர்ணம் பூச வாங்கினார். மூன்று கடனுக்கும் காரணம் வேறு வேறு என்று அவர் எண்ணுகிறார். ஆனால் மூன்றின் அடியிலும் ஓடுவது ஒரே இழைதான்: தெரு என்ன சொல்லுமோ என்ற பயம். அந்தப் பயத்தை அவர் பார்க்காதவரையில், கடன் வாங்கமாட்டேன் என்று நூறு முறை வாக்குக் கொடுத்தாலும், அடுத்த விசேஷத்துக்கு முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்பார்.

கருத்தைப் பற்றித் திருச்சபையின் போதனை

ஒரு செயல் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க மூன்றைப் பார்க்கவேண்டும் என்று திருச்சபை போதிக்கிறது: செய்கிற செயல், செய்கிறவனுடைய கருத்து, செய்கிற சூழ்நிலை.

நல்ல செயலும் கெட்ட கருத்தால் கெட்டுப்போகும். பிறர் பார்க்கவேண்டும் என்று தர்மம் செய்கிறவர்கள் தங்கள் கூலியை ஏற்கெனவே வாங்கிக்கொண்டார்கள் என்று நமது ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் எச்சரிக்கிறாரல்லவா? அதுபோலவே, கெட்ட செயல் நல்ல கருத்தால் நல்லதாகிவிடாது. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகத்தானே என்று சொல்லி, போலி ஜரிகையை அசல் ஜரிகை என்று விற்கிறவன், தகப்பனாக இருப்பதால் திருடனாக இல்லாமல் போய்விடமாட்டான். ஆரணிப் பட்டு என்ற பெயருக்கே இன்று அரசாங்கத்தின் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரை நம்பி வாங்குகிற ஏழைத் தாயையும் அவன் ஏமாற்றுகிறான்.

உங்களை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாகாது. சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில், ஒரே வாரத்தில் இரண்டு அடக்கப்பூசை வைத்தேன். ஒன்று ஊரில் பெரிய மனிதருக்கு. மற்றொன்று தார் சுற்றிப் பிழைத்த ஒரு கிழவிக்கு. முதல் பிரசங்கத்துக்கு இரவு வெகுநேரம் ஆயத்தம் செய்தேன். இரண்டாவதற்கு ஒன்றும் செய்யவில்லை. கிழவியின் மகன் என்னிடம் குறை சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்த நன்றிதான் என்னை உறுத்திற்று. சர்வேசுரனுக்காகப் பிரசங்கம் செய்கிறேன் என்று நினைத்திருந்தேனே, உண்மையில் யாருக்காகச் செய்துவந்தேன்?

பசாசு கேட்ட கேள்வி

யோபு ஆகமத்தின் தொடக்கத்தில் பசாசு சர்வேசுரனிடம் ஒரு கேள்வி கேட்கிறது. யோபு தேவபயமுள்ளவனாக நடப்பது இலாபம் கருதித்தானே, அவனுடைய செல்வத்தை எடுத்துவிட்டால் அப்போதும் நடப்பானா என்பது அதன் பொருள். மனிதனுடைய கருத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வி கிடையாது.

இந்தக் கதையைக் கேட்டு மனந்திரும்பிய ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே உண்டு. 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். குடும்பத்தில் பயிரும் மாடுகளும் நஷ்டப்பட்டு மனம் நொந்திருந்த காலத்தில், அங்கே படைத்தலைவராக இருந்த டிலனாய் என்ற கத்தோலிக்கர் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

இழந்த மாடுகள் திரும்பி வருமென்று அவர் வேதத்தில் சேர்ந்திருந்தால், சீக்கிரமே விட்டுப் போயிருப்பார். ஏனெனில் மிச்சமிருந்ததும் போயிற்று. 1749-ல் சிறைப்பட்டார். மூன்று வருஷம் வேதனைப்பட்டார். விசுவாசத்தை விடவில்லை. 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார். இலாபத்துக்காகத்தானே என்ற பசாசின் கேள்விக்கு அவர் தம் உயிரால் பதில் சொன்னார்.

கலப்படமான கருத்து

இதைப் படித்துவிட்டுச் சில நல்ல ஆத்துமாக்கள் கலங்கக்கூடும். "நான் நோயாளியைப் பார்க்கப் போவதில் இரக்கமும் இருக்கிறது, பிறர் மெச்சவேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆகவே போகாமல் இருந்துவிடட்டுமா?" வேண்டாம். அது பசாசின் இரண்டாவது வலை. நோயாளிக்குக் கஞ்சி வேண்டும். நமது கருத்து சுத்தமாகும்வரை அவர் பசியோடு காத்திருக்க முடியாது. கருத்து சுத்தமாவது நற்செயலை விடுவதால் அன்று, செய்துகொண்டே திருத்துவதால். பட்டு நூலில் பசை இருக்கிறதென்று யாராவது நூலை எறிகிறார்களா? காய்ச்சிப் பசை நீக்குகிறார்கள். அதன் பிறகுதான் மினுமினுப்பு வருகிறது.

என்ன செய்யவேண்டும்?

அர்ச். இஞ்ஞாசியார் இதற்கு வழி காட்டியிருக்கிறார். 1521-ல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் ஒடிந்தது. எலும்பு துருத்திக்கொண்டு நின்றதால், அழகிய காலணி அணிய முடியாதே என்று அதை அறுத்தெடுக்கச் சொல்லி அந்த வேதனையைத் தாங்கினார். எத்தனை தைரியம், எவ்வளவு சிறிய காரணத்துக்கு! படுக்கையில் கிடந்தபோது தம் உள்ளத்தைக் கவனித்தார். உலகப் புகழைப் பற்றிய கனவுகள் அப்போதைக்கு இனித்துப் பிறகு வெறுமையை விட்டுச் சென்றன. அர்ச்சியசிஷ்டவர்களைப்போல் வாழும் எண்ணமோ, போன பிறகும் சமாதானத்தை விட்டுச் சென்றது. அதே தைரியத்தைப் பின்பு சர்வேசுரனுக்குக் கொடுத்தார். மனிதர் மாறவில்லை, கருத்து மாறியது. அவர் ஏற்படுத்திய சேசு சபையின் குருவானவரே தேவசகாயத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

அவர் கற்பித்த ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு: பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்லுதல், தன்னை அறிய ஒளி கேட்டல், நடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், வரப்பிரசாதத்தின் உதவியால் திருந்தத் தீர்மானித்தல். தறியை நிறுத்தி விளக்கணைக்குமுன் கால்மணி நேரம் இதற்குப் போதும்.

இந்த வருஷக் கடைசியில் பத்துப் பிரதிக்கினை வேண்டாம், ஒன்று போதும். அதைச் செய்யுமுன் கணவனும் மனைவியும் தனித்தனியே இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்:

1. இந்த வருஷம் நான் திரும்பத் திரும்பச் செய்த தவறு எது? அதன் அடியில் இருந்தது பயமா, பெருமையா, பொறாமையா, சோம்பலா?

2. நான் செய்த நற்செயல்களில், ஒருவரும் பார்க்காவிட்டாலும், ஒருவரும் நன்றி சொல்லாவிட்டாலும், எதைச் செய்திருப்பேன்?

3. நாளைக் காலை முதல் நாடாவை எறியும்போது, அடுப்பை மூட்டும்போது, பிள்ளையை எழுப்பும்போது, யாருக்காக இதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளப் போகிறேன்?

மூன்றாவது கேள்விக்கு நமது முன்னோர் ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். எழுந்தவுடன் சிலுவை வரைந்து, அன்றைய வேலை முழுவதையும் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் தறிக்குழியில் இறங்குவார்கள். அந்த வழக்கம் விட்டுப்போன வீடுகளில் ஜனவரி முதல் தேதி அது மறுபடியும் தொடங்கட்டும்.

புதுப் பாவு ஆண்டவர் தருவது. விழுதைப் பிரித்துக் கோப்பது நம் வேலை. அதற்கும் அவர் கைகொடுப்பார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உங்களுக்காகக் காத்திருக்கிறேன். நானும் என் விழுதோடு என் ஆத்தும குருவிடம் போய்விட்டு வருவேன்.

உங்கள் பங்குக் குரு