கலப்புத் தாண்டல் உலோகச் சல்கோசனைட்டுகள்: இயல்புகளும் எதிர்பார்க்கப்படும் பயன்களும்

பெயரின் நீளத்தைக் கண்டு மாணவர் மிரளத் தேவையில்லை. ஆவர்த்தன அட்டவணையின் 16ஆம் கூட்டத்திலுள்ள கந்தகம், செலனியம், தெலூரியம் என்பவை சல்கோசன்கள் எனப்படும். (ஒட்சிசனும் இக்கூட்டமே, எனினும் ஒட்சைட்டுகளைத் தனியே படிப்பது வழக்கம்.) இவை தாண்டல் உலோகங்களுடன் ஆக்கும் சேர்வைகளே தாண்டல் உலோகச் சல்கோசனைட்டுகள். ஒரே சேர்வையில் இரண்டு தாண்டல் உலோகங்கள் இடம்பெறின் அது கலப்புச் சல்கோசனைட்டு.

இங்கு 'கலப்பு' என்பது கலவை அன்று. இரண்டு தூள்களைச் சேர்த்து அரைத்துவிட்டால் கலப்புச் சல்கோசனைட்டு கிடைக்காது. பளிங்கில் ஓர் உலோக அணுவுக்குரிய இடத்தில் மற்றைய உலோக அணு அமர்ந்திருத்தல் வேண்டும். விடைத்தாளில் பலர் புள்ளி இழப்பது இவ்விடத்திலேயே.

முதலில் மொலிப்டினம் இருசல்பைட்டை நோக்குவோம். இரண்டு கந்தகத் தளங்களுக்கு நடுவே ஒரு மொலிப்டினத் தளம். இது ஒரு படை. படையினுள் வலிமையான பங்கீட்டுவலுப் பிணைப்பு, படைகளுக்கிடையே நலிந்த வந்தர்வாலின் விசை. ஆகவே படைகள் ஒன்றின் மீது ஒன்று வழுக்கும். பென்சிற் காரீயத்தைப் போன்றிருப்பதால் முற்காலத்தில் இரண்டையும் ஒன்றெனவே கருதினர். வேறானவை எனக் காட்டியவர் ஷீலே (1778). இன்றும் இது சிறந்த திண்ம உராய்வு நீக்கி.

திண்மமாக இருக்கையில் இக்குறைகடத்தியின் சக்தி இடைவெளி ஏறத்தாழ 1.3 இலத்திரன்வோற்று. தனிப் படையாகப் பிரித்தால் அது ஏறத்தாழ 1.8 ஆக உயர்ந்து, ஒளியையும் நன்கு காலும். இது 2010இல் அறியப்பட்டது.

இனி மொலிப்டினத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தங்குதன் இடப்படுவதாகக் கொள்க. இரண்டும் ஒரே கூட்டம். அணு ஆரைகளும் ஏறக்குறையச் சமன். எனவே எவ்விகிதத்திலும் ஒன்றை மற்றொன்று பிரதியிடும். விகிதத்தை மாற்ற, சக்தி இடைவெளியும் மாறும். வேண்டிய இயல்பை நாமே தெரிவு செய்யலாம் என்பதே கலப்பின் பெறுமதி.

கோபாற்றின் கதை வேறு. அது படையின் நடுவில் அன்றி விளிம்பில் அமர்ந்து ஊக்கற்றிறனைக் கூட்டுகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் டீசலிலுள்ள கந்தகத்தை ஐதரசன்சல்பைட்டாக அகற்றுவது இவ்வூக்கியே. அகற்றாவிடின் அது எரிந்து கந்தகவீரொட்சைட்டாகி அமில மழைக்கு வழிவகுக்கும்.

கவனிக்க: கோபாற்று–மொலிப்டினம் ஊக்கி நடைமுறைப் பயன். நீரிலிருந்து ஐதரசன் பெறுகையில் விலையுயர்ந்த பிளாற்றினத்துக்கு மாற்றீடு, ஒளியுணரிகள், மீளமின்னேற்றும் கலங்களின் மின்வாய்கள் என்பன ஆய்வு நிலையிலுள்ளவை. இவற்றுக்குப் 'பயன்படுகிறது' என எழுதாது 'பயன்படக்கூடும்' என எழுதுக.

பயிற்சி: மொலிப்டினம் இருசல்பைட்டின் உராய்வு நீக்கும் இயல்பையும், கோபாற்று சேர்ந்த அதன் ஊக்கற்றிறனையும் படை அமைப்பைக் கொண்டு விளக்குக. (முன்னையதற்குப் படைகளின் இடைவெளியையும் பின்னையதற்கு விளிம்பையும் நோக்குக.)