பூனைக்காலி விதையும் நடுங்கும் கையும்

சித்தூரின் வேலியோரங்களிலும் திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசல மலைக்காடுகளிலும் படரும் கொடி பூனைக்காலி. தெலுங்கர் இதனைத் துரதகொண்டி என்பர். 'துரத' என்பது அரிப்பைக் குறிக்கும். காயின் சுணை உடலில் பட்டால் கடும் அரிப்பு உண்டாகும். ஆதலால் மக்கள் இக்கொடியை விலகிச் செல்வர். ஆயினும் இதன் விதைக்குள் அரிய மருந்துப்பொருள் ஒன்று உள்ளது. 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் இவ்விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தனர். அது நடுக்கநோய்க்கு மருந்தாகும் என்பது 1960களில்தான் தெளிவாயிற்று.

நடுமூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளை உண்டாக்கும் நரம்பணுக்கள் உள்ளன. இவை சிறிது சிறிதாக அழிவதால் தோன்றுவது பார்க்கின்சன் நோய். கை நடுங்கும்; நடை தளரும். டோபமைனையே மருந்தாகக் கொடுத்தால் அது குருதியிலிருந்து மூளைக்குள் புகாது. எல்-டோபா புகும், புகுந்தபின் டோபமைனாக மாறும். ஆனால், உடலிலுள்ள நொதி ஒன்று அதன் பெரும்பகுதியை வழியிலேயே டோபமைனாக மாற்றிவிடுகிறது. அதனால் குமட்டல் மிகும். மூளையை அடைவது சிறிதளவே.

இவ்விடரை நீக்குவது கார்பிடோபா என்னும் நொதித்தடுப்பான். அது அந்நொதியின் செயலைத் தடுக்கிறது. கார்பிடோபா மூளைக்குள் செல்லாது. எனவே மூளையினுள் அதே நொதி தடையின்றித் தன் பணியைச் செய்கிறது. செலிகிலின், ரசாகிலின் ஆகியவை வேறொரு நொதியைத் தடுத்து, மூளையில் டோபமைன் விரைவில் சிதையாமல் காக்கின்றன.

இம்மருந்துகள் டோபமைனைப் பேணுகின்றன; நரம்பணுக்களின் அழிவைத் தடுப்பதாக இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அணுக்களைக் காக்கும் மருந்தை அறிவியலார் தேடிவருகின்றனர். எனினும், முதியவர் ஒருவர் தம் கையாலேயே சோறு உண்ணவும் பிறர் துணையின்றி நடக்கவும் இவை உதவுகின்றன. நடுக்கம் குறைந்தது என்று மருந்தைத் திடீரென நிறுத்துவது பேராபத்து. விதைக்கு விதை எல்-டோபாவின் அளவு மாறுபடும். ஆதலால் மருத்துவர் சொல்லாமல் பூனைக்காலி விதையை உண்பதும் தகாது.

சொற்பொருள்
சுணை – காயின் மேலுள்ள நுண்மயிர்
நொதி – உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம்
இடர் – துன்பம், தடை

பயிற்சி
1. டோபமைனுக்கு மாற்றாக எல்-டோபாவைக் கொடுப்பது ஏன்?
2. கார்பிடோபா மூளைக்குள் செல்லாதிருப்பது எவ்வாறு நன்மையாகிறது?
3. 'நடுக்கம் குறைந்துவிட்டது, இனி மருந்து வேண்டா' என்னும் பாட்டிக்கு நீ கூறும் மறுமொழியை ஐந்து வரிகளில் எழுதுக.