வல்லூற்றை அறிதல்

காலை வேளையில் அணிலொன்று மரக்கிளையோடு ஒட்டிக்கொண்டு ஓயாது கீச்சிடும். காக்கைகள் கரைந்தவண்ணம் அம்மரத்தைச் சூழும். அதுகாறும் முற்றத்தில் இரை தேர்ந்துகொண்டிருந்த மைனாக்களும் சிட்டுக்குருவிகளும் நொடிப்பொழுதில் மறைந்துவிடும். இவ்வாரவாரத்திற்குக் காரணம் பலகாலும் இலைச்செறிவினுள் அசையாது அமர்ந்திருக்கும் ஒரு சிறு பறவையே ஆகும். அதற்கு வல்லூறு என்பது பெயர். வைரி எனவும் அதனை வழங்குவர்.

வேட்டைப் பறவைகள் காட்டிலும் மலையிலுமே வாழும் என்று பலர் எண்ணுவர். வல்லூறோ மரங்கள் உள்ள நகரங்களிலும் வாழும். சென்னை, மதுரை முதலிய நகரங்களின் சோலைகளிலும் கல்லூரி வளாகங்களிலும் இதனைக் காணலாம்.

இதனை அறிதற்கு முதற்கண் அளவை நோக்குதல் வேண்டும். இது ஏறத்தாழப் புறாவின் அளவினது. நீளம் 30 சென்டிமீட்டர் அளவாகும். அடுத்து, வடிவை நோக்குக. சிறகுகள் குறுகியவை, அவற்றின் நுனி வட்டமானது. வால் நீண்டு, குறுக்குப் பட்டைகள் கொண்டிருக்கும். சில முறை விரைந்து சிறகடித்துப் பின் சற்றே மிதந்து செல்வது இதன் பறக்கும் இயல்பு.

மூன்றாவது நிறம். ஆணின் முதுகு சாம்பல் நிறமானது, வெண்மையான மார்பில் செம்பழுப்பு நிற மெல்லிய குறுக்குக் கோடுகள் நெருங்கியிருக்கும், கண் சிவந்திருக்கும். பெண், ஆணினும் பெரியது. அதன் முதுகில் பழுப்புச் சாயல் மிகும். இளம்பறவையின் மார்பிலோ குறுக்குக் கோடுகளுக்கு மாறாகப் பழுப்பு நிறத் துளிகள் நெடுக்காக அமைந்திருக்கும். தொண்டையின் நடுவே ஓடும் கருங்கோடும் ஓர் அடையாளமாகும்.

ஒத்த தோற்றம் உடையவற்றால் மயங்குதல் கூடாது. நகரில் வட்டமிடும் கரும்பருந்து இதனினும் மிகப் பெரியது. அதன் வால் நுனியில் பிளவுண்டிருக்கும். அக்காக்குயிலோ நிறத்தாலும் பறக்கும் முறையாலும் வல்லூற்றையே ஒக்கும். ஆயினும், அதன் அலகில் வளைந்த கொக்கி இல்லை. கால்களில் இரையைப் பற்றும் வலிய உகிர்களும் இல்லை. குரலை மட்டும் நம்புதலும் ஆகாது. கரிச்சான் வல்லூற்றின் குரலைப் போலவே ஒலிக்க வல்லது.

கோழிக்குஞ்சைக் கவரும் பறவை என்று சிலர் இதனைக் கல்லெறிந்து துரத்துவர். எப்போதேனும் அது குஞ்சைக் கவர்தல் உண்மையே. ஆயினும் ஓணான், எலி, பெருந்தத்துக்கிளி முதலியனவும் அதன் உணவாம். எலியும் பூச்சியும் பெருகாமல் காப்பதில் அதற்கும் பங்குண்டு. கூடு கட்டும் காலத்தில் தாய்ப்பறவை அடிபட்டு வீழின், கூட்டிலுள்ள குஞ்சுகளும் பசியால் மாளும். அன்றியும், குற்றமேதும் இல்லாத அக்காக்குயிலும் வல்லூறென்று கருதப்பட்டு அடிபட நேரும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வல்லூற்றைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடை செய்கிறது.

ஆகவே, கையில் கல்லை எடுக்குமுன் கண்ணால் நன்கு நோக்குதல் வேண்டும். அளவு, வடிவு, நிறம், அலகு, கால் ஆகிய ஐந்தையும் ஒருங்கே ஆராய்ந்து துணிபவனே பறவையை அறிந்தவன் ஆவான். அவ்வாறு அறிந்தவன் கையிலுள்ள கல் தானே நழுவிவிடும்.